எண்ணாமல் அளந்த கோதுகள்

1

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் நெஞ்சைப் பிடிக்க வேண்டாம். ரொறன்ரோவில், ரூஜ் பக்கம் இருக்கும் என் வீட்டின் பேஸ்மென்றில் ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசையில் நான் றைபிளுக்கு ரவை செய்கிறேன்.

என் அக்காவின் கணவர் போனமுறை கொழும்பிலிருந்து வந்தபோது சலவை இயந்திரம் பார்க்கவென்று கீழே இறங்கினார். மேசையைக் கண்டார். சுட்டு முடிந்த ரவைகளின் பித்தளைக் கோதுகள் நிறைந்த வாளியைக் கண்டார். நேரே படியேறி வந்து யன்னல் சீலையை இழுத்து மூடினார். "தம்பி, ஆரும் பாத்தினமெண்டால்?" என்று கேட்டார். பார்த்தால் என்ன, அத்தான், இதெல்லாம் தபாற்காரர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிற சாமான் என்றேன். அவர் நம்பவில்லை. எங்கள் வீட்டில் நிற்கும்வரை சலவைக்கு உடுப்புக் கொடுக்கவுமில்லை.

அவரில் பிழையில்லை. ஒரு வெற்றுக்கோதைப் பொக்கற்றில் வைத்திருந்ததற்காகவே பெடியன்கள் காணாமல் போன தெருவில்தான் நானும் வளர்ந்தேன். இங்கே துவக்கு வைத்திருக்க இரண்டு நாள் வகுப்பு, ஒரு பரீட்சை, ஒரு நீளமான படிவம், அதில் மனைவியின் கையெழுத்து. அதன்பிறகு பிளாஸ்ரிக் அட்டை ஒன்று தபாலில் வரும். அந்த அட்டை வந்த முதல் கிழமை நான் அதை மூன்றுதரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கள்ள அட்டையோ என்று.

சந்தேகம் என் குணம் மட்டுமல்ல, தொழிலும் அதுதான். வெக்ஸ்போர்ட்டில் ஒரு உலோகப் பட்டறையில் தரம் பார்க்கிற வேலை. மற்றவர்கள் செய்கிற பாகங்களை அளந்து, இது பிழை, இது பிழை என்று ஒதுக்குவதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டிலும் அப்படியே வந்துவிட்டது. தேங்காயைக் குலுக்கி, தட்டி, மணந்து, கடைக்காரர் முகத்தையும் பார்த்துத்தான் வாங்குவேன். பாண் வாங்கினாலும் தேதியை இரண்டு இடத்தில் பார்ப்பேன்.

இந்தக் குறிப்பை எழுத வைத்தது அன்ரன். மன்னார்க்காரன். இந்த மாதத்தோடு நானும் அவனும் பழகத் தொடங்கி முப்பது வருடம். டோர்செட் பார்க்கில் ஐந்துபேர் இருந்த அறையில் ஆறாவது ஆளாக நான் போய்ச் சேர்ந்தபோது, சுவரோரம் நகர்ந்து இடம் விட்டவன் அவன். எனக்குக் கார் ஓடப் பழக்கியவன். என் மகள் பிறந்த அன்று பனிக்குள்ளால் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். அந்த முப்பது வருடத்தை ஏழு பித்தளைக் கோதுகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

2

துவக்குச் சுடுகிற பழக்கம் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. பட்டறையில் கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் ஒருநாள் சுடப் பழகுகிற றேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வடக்கே ஒரு மணித்தியால ஓட்டம். மண்திட்டுக்கு முன்னால் கடதாசி இலக்கு. முதல் வெடி கடதாசியில் படவேயில்லை, ஒளிக்கவில்லை. ஆனால் இரண்டாவது வெடி கடதாசியின் நடுவில் விழுந்தபோது, ஆகா, இது கணக்கு வேலையடா என்று பிடித்துக்கொண்டது. மலருக்கு, என் மனைவிக்கு, இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை கட்டுறியள்" என்றாள். துவக்குக்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் ஓடிவந்தோம் என்பது அவளின் கேள்வி. 

கடையில் விற்கிற ரவையை நான் நம்பவில்லை. ஆர் செய்தது, எந்தத் திங்கட்கிழமை அரைத்தூக்கத்தில் செய்தது என்று தெரியாது. அதனால் நானே செய்யத் தொடங்கினேன். அன்ரனும் என் மேசையிலேயே தன்னுடையதைச் செய்வான். இருவரும் சேர்ந்து பின்லாந்தில் செய்த நல்ல கோதுகள் இருநூறு வாங்கி, ஆளுக்கு நூறாகப் பிரித்தோம். ஒரே பெயர், ஒரே முத்திரை.

இப்போது கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இந்த விசயம் விளங்காவிட்டால் மற்றது விளங்காது. வெடி வெடிக்கும்போது பித்தளைக் கோது சூட்டிலும் அமுக்கத்திலும் வீங்கி, எந்தத் துவக்கின் அறைக்குள் கிடக்கிறதோ அந்த அறையின் அளவுக்கு வந்துவிடும். ஒரே மாதிரியான இரண்டு துவக்கு என்று கடைக்காரர் சொல்லுவார். பொய். ஒவ்வொன்றின் அறையும் மயிரளவு வித்தியாசம். ஆகவே சுட்ட கோதைத் திரும்பப் பாவிக்கமுன் அமத்திச் சின்னதாக்க வேண்டும். இதற்குத்தான் டை என்கிற உருக்கு அச்சு. கழுத்தை மட்டும் அமத்தலாம். அல்லது கழுத்திலிருந்து அடிவரைக்கும் முழு உடம்பையும் அமத்தலாம். முழுக்க அமத்தினால் எந்தத் துவக்குக்கும் போகும், ஆனால் பித்தளை கெதியாகக் களைக்கும். கழுத்தை மட்டும் அமத்தினால் கோது நீண்டகாலம் உழைக்கும், ஆனால் அது சுட்ட துவக்குக்கு மட்டும்தான் ஒழுங்காகப் போகும்.

இந்தப் பின்லாந்துக் கோதுகள் வாங்கமுன் நான் முழு உடம்பைத்தான் அமத்தினேன். அதற்கு முன்னால் கோதுக்கு ஒரு வழுக்கு மெழுகு பூச வேண்டும். அந்தச் சின்ன டப்பாவை இருபது டொலர் என்று விற்றார்கள். எண்ணெய்தானே, எங்களை ஏமாற்றுகிறான் என்று சந்தேகப்பட்டு, குசினியிலிருந்து நல்லெண்ணெய் எடுத்துப் பூசினேன். இரண்டாவது கோதே டைக்குள் இறுகிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. சூடாக்கினேன். பேஸ்மென்று முழுக்கத் தோசைக்கடை மாதிரி மணந்தது. மலர் படியில் நின்று, "சாமிக்கு ஏத்திற எண்ணெயையும் உதுக்கே ஊத்தினனீங்கள்?" என்று கேட்டாள். அன்ரன் நிலத்தில் இருந்து சிரித்தான். டையைத் தூக்கி எறிய வேண்டிவந்தது.

அந்த வெட்கத்தோடு கழுத்து மட்டும் அமத்துகிற டைக்கு மாறினேன். மாறியபிறகு அதற்கு ஒரு தத்துவமும் கண்டுபிடித்தேன். என் கோது வேறு எவனுடைய துவக்குக்கும் போகக்கூடாது.

"எலிவளை எண்டாலும் தனிவளை வேணும் மச்சான்" என்பேன்.

"எல்லாத் துவக்குக்கும் போற மாதிரிச் செய்தால் உனக்கென்னடா குறைஞ்சிடும்?" என்பான் அன்ரன். "முழுசா அமத்து. கோதின்ர தோள்மூட்டை மட்டும் மயிரளவு தள்ளு. எப்பவும் பூட்டும். காட்டுக்குள்ளை மான் நிக்கேக்கை போல்ட் பூட்டாமல் நிண்டு திருவாசகம் பாடப்போறியோ?"

"என்ர துவக்குக்கு என்ர கோது. பூட்டும்."

வருடக்கணக்காக இதே சண்டை. வழியில் கோப்பிக்கடையில் நிற்கும்போதும் இதுதான் கதை. அந்தச் சண்டை இல்லாமல் ஒரு சனிக்கிழமை போனதாக எனக்கு ஞாபகமில்லை.

3

இந்த வருடம் மாசி மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தெரியாத இலக்கம். ஒரு பெண், மிகவும் தன்மையாக ஆங்கிலத்தில், அபிராமி என்கிறவர் இந்த முகவரியில் இருக்கிறாரா, நீங்கள் அவருடைய தகப்பனா என்று கேட்டாள்.

அபிராமி என் மகள். இருபத்தேழு வயது. மருந்துக்கடையில் வேலை. மேலே இரண்டாவது அறையில் இருக்கிறாள். நான் சொன்னேன், "நோ சச் பேர்சன் ஹியர்."

ஏன் சொன்னேன்? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கிழமைக்கு இரண்டு எச்சரிக்கை வரும். வரி அலுவலகம் என்று எடுப்பார்கள், பொலிஸ் என்று எடுப்பார்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லுவார்கள், "யெஸ்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று. அது ஒரு காரணம். மற்றக் காரணம் பழையது. எங்கள் தெருவில் ஆட்கள் வந்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே பதில்தான் வரும், இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லை. என் அம்மா என்னைப் பற்றி அதைச் சொன்னபோது நான் அலுமாரிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பதில் என் வாயில் யோசிக்காமல் வரும்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் எடுத்தாள். அது ஒரு அரசாங்க அலுவலகம் என்று சொன்னாள். அதைத்தானே எல்லாக் கள்ளரும் சொல்லுகிறார்கள். இந்தமுறை சத்தம் போட்டேன். அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியாது, இன்னொருதரம் எடுத்தால் பொலிசுக்குச் சொல்லுவேன் என்றேன். வைத்துவிட்டாள். இலக்கத்தைத் தடை செய்தேன். மலரிடம் பெருமையாகச் சொன்னேன், இன்றைக்கு ஒரு கள்ளியைத் துரத்தினேன் என்று.

4

சித்திரையில் பனி கரைந்து றேஞ்ச் திறந்த முதல் சனிக்கிழமை அன்ரனும் நானும் போனோம். பனிக்காலம் முழுக்க இருந்து செய்த ஐம்பது ரவை என்னிடம் இருந்தது. மூன்றாவது ரவைக்கு, அறையை மூடுகிற போல்ட் பூட்டவில்லை. முக்கால்வாசி போய் நின்றது. வெளியே எடுத்து அடுத்ததைப் போட்டேன், பூட்டியது. இன்னும் கொஞ்சத்தில் திரும்பவும் ஒன்று. ஐம்பதில் நாலு பூட்டவில்லை.

"பாத்தியே, தனிவளைக்குள்ளை பாம்பு பூந்திட்டுது" என்று அன்ரன் சிரித்துக்கொண்டு ஒன்றை வாங்கினான். திருப்பி அடித்தட்டைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. ஒன்றும் சொல்லாமல் என் கையில் திருப்பித் தந்தான். வரும்வழியில் கோப்பிக்கும் நிற்கச் சொல்லவில்லை.

அந்த மௌனம் எனக்குப் போதும். வீட்டுக்கு வந்த உடனே அளவு பார்க்கிற கலிப்பரை எடுத்தேன். அந்த நாலும் அடிப்பக்கத்தில் என் கோதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு பருமன். என் துவக்கின் அறையில் சுட்ட கோது அவ்வளவு வீங்காது. செய்யும்போது கழுத்தையும் நீளத்தையும் அளந்தேனே தவிர உடம்பை அளக்கவில்லை, என் கோதுதானே என்ற நம்பிக்கை. பிறகு வாளியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அளந்தேன். இன்னும் மூன்று அகப்பட்டது. மொத்தம் ஏழு. ஏழின் அடித்தட்டிலும் நகத்தால் கீறியது போல ஒரே இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். அன்ரனின் துவக்கு ஒவ்வொரு கோதிலும் அந்தக் கீறலைப் போட்டுத்தான் வெளியே துப்பும்.

சந்தேகப்பட்டவற்றை மட்டும் எண்ணினேன். மற்றவற்றை எண்ணவில்லை.

என் மூளை எப்படி ஓடியது என்று சொல்லுகிறேன். அவன் தன் கோதுகளை முழுக்க முழுக்க அமத்துகிறவன். ஆறுதரம் சுட்டுக் களைத்த கோதுகள் அவனுடையவை. என்னுடையவை இரண்டுதரம் சுட்ட புதுக்கோதுகள். முத்திரை ஒன்று. என் பேஸ்மென்றுக்கு வந்து வாளிக்குள் கைவிடக்கூடிய ஒரே வெளியாள் அவன்தான். களைத்ததை இதற்குள் போட்டு நல்லதை எடுத்திருக்கிறான். றேஞ்சில் அடித்தட்டைப் பார்த்ததும் முகம் ஏன் மாறியது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மலரிடம் சொன்னேன். "உங்களுக்கு விசர் முத்திப்போச்சு" என்றாள். "அன்ரன் அண்ணை பித்தளை களவெடுக்கிறாரோ? அவருக்கு எங்கட வீட்டுத் திறப்பே குடுத்து வைச்சிருக்கிறம்."

"அதுதான் நானும் சொல்லுறன், திறப்பும் அவனிட்டைக் கிடக்கு" என்றேன்.

அடுத்தநாள் பின்னேரம் டோர்செட் பார்க்கில் இருக்கும் அவனுடைய அப்பார்ட்மென்றுக்குப் போனேன். குசினி மேசையில் ஏழையும் வரிசையாக நிறுத்தி வைத்தேன்.

"இது ஆற்றை?"

கண்ணாடியைப் போட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தான். "என்ர துவக்கிலை சுட்டதுதான்."

"அப்ப என்ர வாளிக்குள்ளை எப்பிடி வந்தது?"

கோதை மெதுவாகத் திரும்ப வரிசையில் வைத்தான். அவன் ஏதோ யோசிக்கிறான், பொய் தேடுகிறான் என்று எனக்குப் பட்டது.

"சிவா, நீ எண்ணிப் பாத்தியோ?"

"என்னத்தை?"

"கோதை. வாளிக்குள்ளை மொத்தம் எத்தினை கிடக்கெண்டு?"

"நான் அளந்து பாத்தனான். எண்ணிப் பாக்க எனக்குத் தேவையில்லை."

"சரி. அப்ப நீ நினைக்கிறதை நினை. என்னாலை ஒண்டும் சொல்லேலாது."

அத்தோடு எழும்பி வந்திருக்கலாம். வரவில்லை. கதவடியில் நின்று, அவனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டேன்: "இந்த முப்பது வருசத்திலை வேற என்னெல்லாம் எடுத்தனி?"

அவன் எழும்பி வந்தான். வாசலில் கொழுவியிருந்த என் வீட்டுத் திறப்பைக் கழற்றி, கோதுகளுக்குப் பக்கத்தில் வைத்தான். நான் அதையும் எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

5

வைகாசி, ஆனி, ஆடி. தனியாகப் போனேன். றேஞ்சில் மற்றவர்களோடு ஒட்டவில்லை. கோப்பிக்கடையில் பழக்கதோசத்தில் ஒருநாள் இரண்டு கோப்பி வாங்கிவிட்டு, இரண்டையும் நானே குடித்தேன். நெஞ்சு எரிந்தது.

மலர் அவன் பெயரைச் சொன்னால் நான் எழும்பிப் போய்விடுவேன். ஒருநாள் அவள், "ஒரு மனுசன் ஒண்டும் சொல்லாமல் இருந்தால் அது களவாத்தான் இருக்கவேணுமோ? வேற ஒண்டாயும் இருக்கலாம்தானே" என்றாள். நீர் பேசாமல் இரும் என்றேன். உள்ளுக்குள் எனக்கும் ஒன்று அரித்துக்கொண்டுதான் இருந்தது. அன்ரனுக்குப் பித்தளை வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்டாலே நான் கொடுத்திருப்பேன், அது அவனுக்கும் தெரியும். ஆனால் அளவு அளவுதான், கலிப்பர் பொய் சொல்லாது என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

அபிக்கும் எனக்கும் அந்த மாதங்களில் கதையே குறைந்துபோனது. வேலையால் வந்தால் நேரே மேலே போவாள். அன்ரன் அங்கிள் ஏன் வருகிறதில்லை என்று ஒருதரம் கேட்டாள். அவர் தன் வேலையைப் பார்க்கிறார், நீ உன் வேலையைப் பார் என்றேன். அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனாள். இந்தப் பிள்ளை எதையோ ஒளிக்கிறது என்றும் குறித்துக்கொண்டேன். அது ஒன்றுதான் நான் சரியாகச் சந்தேகப்பட்டது.

6

ஆவணியில் ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு. அபி போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து மேசையில் இருந்தாள். சோற்றைத் தொடவில்லை.

"அப்பா, ஃபெப்ரவரியிலை உங்களுக்கு ஒரு கோல் வந்ததா? என்னைப் பற்றி?"

"எத்தினையோ கள்ளக் கோல் வருது."

"அது ஸ்கேம் இல்லை. ஃபயராம்ஸ் ஒஃபீஸ். என்ர லைசென்ஸுக்கு. இந்த வீட்டிலை துவக்கு இருக்கிறபடியா உங்களிட்டையும் கேக்க எடுத்திருக்கினம். நீங்க நோ சச் பேர்சன் எண்டு சொல்லியிருக்கிறீங்க. ரெண்டு தரம். ஆறு மாசமா என்ர ஃபைல் அப்பிடியே நிக்குது. இப்பதான் எனக்குச் சொல்லினம்." போனை மேசையில் வைத்தாள். "அப்பா, ஐம் யுவர் டோட்டர்."

எனக்குக் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. முதலில் வாயில் வந்தது என்ன தெரியுமா? "உனக்கென்னத்துக்குத் துவக்கு லைசென்ஸ்?" என்பதுதான். மன்னிப்பு வரவில்லை.

பிறகு எல்லாம் வந்தது. போன வருடம் ஐப்பசி, கார்த்திகையில் எனக்குச் சனிக்கிழமைகளில் மேலதிக வேலை. அந்தச் சனிகளில் அவள் அன்ரனோடு றேஞ்சுக்குப் போயிருக்கிறாள். அவன் பக்கத்தில் நிற்க, அவனுடைய துவக்கில் சுட்டிருக்கிறாள். வகுப்பு எடுத்து, பரீட்சை எழுதி, படிவம் போட்டிருக்கிறாள். சாட்சிக்கு அன்ரன்தான் கையெழுத்து வைத்திருக்கிறான். அட்டை கையில் வந்தபிறகு நானே அப்பாவுக்குச் சொல்லுறன், அதுவரைக்கும் நீங்க சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

"அங்கிள் சுட்ட கோதையெல்லாம் பொறுக்கச் சொல்லுவார். ஒருநாள் சரியான குளிர், உங்கட பழைய நீல ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போனனான். பொக்கற்றுக்குள்ளை கொஞ்சம் கிடந்தது. பிறகு பாத்தா இல்லை. நான் எங்கேயோ விழுத்திட்டன் எண்டு நினைச்சன்."

மலர் கறிச்சட்டியைக் கீழே வைத்தாள். "நீல ஜக்கெற்றோ? அது நான் தோய்க்கப் போடேக்கை பொக்கற்றைப் பாத்து எடுத்தனான். உங்கடையெண்டு நினைச்சு வாளிக்குள்ளை போட்டனான். எப்பவும் அப்பிடித்தானே செய்யிறனான்."

நான் கையையும் கழுவாமல் கீழே இறங்கினேன். செய்து வைத்திருந்த ரவை, வெற்றுக்கோது, ஒதுக்கி வைத்த ஏழு, எல்லாவற்றையும் மேசையில் பரப்பி முதல்முறையாக எண்ணினேன். எனக்கு இருக்க வேண்டியது நூறு. நூற்றேழு இருந்தது. திரும்ப எண்ணினேன். நூற்றேழு.

மலர் படியில் நின்றுகொண்டிருந்தாள். "கள்ளன் ஏழைக் கூட வைச்சிட்டுப் போவானோ?" என்று மெதுவாகக் கேட்டாள். "உது களவில்லையப்பா. காணிக்கை."

அன்ரன் அன்று மேசையில் அந்தக் கோதுகளைப் பார்த்த உடனேயே விளங்கியிருக்கிறான். எண்ணிப் பார் என்று வழியும் காட்டியிருக்கிறான். அதற்குமேல் சொன்னால் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு உடையும். என் வாயால் கள்ளன் என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது, அழுதேன்.

மேலே வந்து அபியிடம், "ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்களும் வருவீங்க. பின்னாலை நிண்டு ஒவ்வொரு ஷொட்டையும் கொப்பியிலை எழுதுவீங்க." கண்ணைத் துடைத்தாள். "எனக்கு நைன்டீன் இருக்கேக்கை கொலிஜ்ஜுக்கு கோல் பண்ணி நான் கிளாசுக்கு வந்தனானா எண்டு கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? எல்லாரும் சிரிச்சவை. ஐ ஜஸ்ட் வோண்டட் வன் திங் நீங்க செக் பண்ணாத மாதிரி."

அன்று அவள் வகுப்புக்கு வந்திருந்தாள் என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டு அந்த அலுவலகத்துக்கு நானே எடுத்தேன். முக்கால் மணித்தியாலம் பாட்டுக் கேட்டபிறகு ஒருவர் வந்தார். அபிராமி என் மகள், இந்த வீட்டில்தான் இருக்கிறாள், பொறுப்பான பிள்ளை என்றேன். முன்பு ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்டார். அலுமாரிக் கதையை எந்த ஆங்கிலத்தில் சொல்லுவது? "ஐ வோஸ் அஃப்ரெயிட்" என்றேன். அவர், எழுதிக்கொள்கிறேன் என்றார். மூன்று கிழமையில் அட்டை வந்தது. அபி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. நேரே பேர்சுக்குள் வைத்தாள்.

7

அந்த மூன்று கிழமைக்குள் அன்ரனிடம் போனேன். போனில் கேட்டால் வேண்டாம் என்பான் என்று சொல்லாமலே போனேன். கதவைத் திறந்தான். உள்ளே விட்டான். தேத்தண்ணி போட்டான், எனக்குச் சீனி ஒரு கரண்டி என்பதை மறக்கவில்லை.

"பிழை விட்டிட்டன் மச்சான். பெரிய பிழை. நூற்றேழு கிடந்தது" என்றேன்.

"தெரியும். அபி சொன்னவள்."

"நீ சொல்லியிருக்கலாம். இவ்வளவையும் கேட்டுக்கொண்டு ஏன்ரா இருந்தனி?"

"பிள்ளைக்குச் சொன்ன சொல்லு." கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். "கோதுக் கதையை நான் அண்டைக்கே விட்டிட்டன் சிவா. நீ சந்தேகம் பிடிச்சவன் எண்டு ஊருக்கே தெரியும். ஆனா போகேக்கை ஒண்டு கேட்டாய். வேற என்னெல்லாம் எடுத்தனி எண்டு. அதுக்குப் பிறகு இஞ்சை தனிய இருந்து முப்பது வருசத்தையும் திருப்பிப் பாத்தன். உன்ர வீட்டிலை நான் எதைத் தொட்டாலும் உன்ர கண் வந்துகொண்டுதான் இருந்தது. நான் அதைப் பகிடி எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்."

"அப்பிடி இல்லையடா."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இனித் தெரியாது. அதுதான் பிரச்சினை." அவனுக்குக் கோபம் இருக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "துவக்கோடை பக்கத்திலை நிக்கிறவனைப் பற்றி யோசிக்காமல் நிக்கவேணும். உன்னோடை முந்தி அப்பிடி நிண்டன். இனி ஏலாது. வீட்டுக்கு வா, போ. கொண்டாட்டத்துக்குச் சொல்லு, வாறன். றேஞ்சுக்கு வேண்டாம்."

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன். வீட்டுத் திறப்பைக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்தேன். அவன் பார்த்தான், தொடவில்லை. நான் அதை அங்கேயே விட்டுவிட்டு எழும்பினேன்.

கதவடியில் அவனே கூப்பிட்டான். "பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போறன். அவளுக்குக் கடை ரவை வேண்டாம், நீ செய்து குடு. என்ர துவக்கிலைதான் சுடுறவள். உடம்பு முழுக்க அமத்து."

ஓம் என்றேன். அந்த வருடக்கணக்கான சண்டையில் நான் தோற்றுப்போனதற்கு அவன் சிரிக்கவில்லை.

ஒரு கிழமை வேலையால் வந்து வந்து கீழே இருந்தேன். புது டை வாங்கினேன். இருபது டொலர் மெழுகையும் வாங்கினேன், விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது கோதை அடிவரைக்கும் அமத்தி, ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் அளந்து, ரவையாக்கி, பெட்டியில் அடுக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறெதையும் செய்ததில்லை.

போன சனிக்கிழமை காலை அபி கீழே வந்தாள். அன்ரன் வெளியே காருக்குள் இருந்தான், உள்ளே வரவில்லை. பெட்டியைக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டு, தன் பைக்குள்ளிருந்து ஒரு கேஜை எடுத்தாள். துவக்கின் அறை மாதிரியே துளை போட்ட ஒரு உருக்குத் துண்டு அது, ரவையை உள்ளே விட்டால் மட்டமாக இருக்க வேண்டும். என் கண்ணுக்கு முன்னாலேயே ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

"நான் எல்லாம் அளந்தனான் பிள்ளை."

"தெரியும் அப்பா." நிமிரவில்லை. "ஸ்டில், நான் ஒருக்காப் பாக்கிறன்."

ஐம்பதையும் பார்த்தாள். இரண்டை எடுத்து மேசையில் ஒதுக்கி வைத்தாள். கொஞ்சம் டைட் மாதிரி இருக்கு என்றாள். நாற்பத்தெட்டோடு படியேறிப் போனாள். கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அவர்கள் போனபிறகு அந்த இரண்டையும் எடுத்து அளந்தேன். அடியில், நடுவில், தோளில். மைக்ரோமீற்றராலும் அளந்தேன். இரண்டும் மற்ற நாற்பத்தெட்டும் இருந்த அதே அளவில்தான் இருந்தன. பின்னேரம் அவள் திரும்பி வந்தாள், எல்லாம் நன்றாகப் போனது, அங்கிளைவிட நல்லாச் சுட்டேன் என்றாள், அந்த இரண்டைப் பற்றிக் கேட்கவில்லை. அவை சரியான அளவுதான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அன்ரனும் சொல்லவில்லைத்தானே.